தீவு மலைகளில் வழியறிந்து நடத்தல்

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசித் திங்களில் ஒருநாள், மாணவர் பதினொருவருடன் நாம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஓர் அருவியைக் காணச் சென்றோம். வழியிடைக் குறுக்கிட்ட ஓடையில் காலைப் பொழுதில் நீர் கணுக்காலளவே இருந்தது. ஆங்கு ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரை நோக்கி, “பெரியவரே, அருவிக்கு வழி இதுதானா?” என வினவினோம். “ஆமாம் ஐயா” என்றார். பிற்பகல் நாம் திரும்பி வந்தபோது அதே ஓடை மார்பளவு நீருடன் செந்நிறமாய்ச் சுழித்தோடிற்று. நாம் நின்ற இடத்தில் ஒரு துளி மழையும் பெய்யவில்லை. மாணவருள் நீந்த வல்லான் ஒருவன் சட்டையைக் கழற்றி இடுப்பிற் கட்டிக்கொண்டு நீரில் இறங்க முற்பட்டான். எதிர்க்கரையினின்ற அம்முதியவர் இரு கைகளையும் வீசி, உட்காரும்படி சைகை காட்டினார். உட்கார்ந்தோம். இரண்டரை மணி நேரம் கழிந்தபின், பொழுது சாயும் வேளையில், நீர் முழங்காலுக்குக் கீழே இறங்கிற்று. அக்கரை சேர்ந்ததும், “காலையிலேயே இதனைச் சொல்லியிருக்கலாகாதா?” என்று சற்றே சினத்துடன் கேட்டோம். அவர், “வழி இதுதானா என்று கேட்டீர்கள், சொன்னேன். வழி எப்படி இருக்கும் என்று கேட்கவில்லையே ஐயா” என்றார்.

அம்மறுமொழியை நாம் மறக்கவில்லை. வழி உளதா என்பது ஒரு வினா. அவ்வழி இன்று நடத்தற்குரிய நிலையில் உளதா என்பது வேறொரு வினா. முன்னதற்கு நிலப்படம் விடை கூறும், பின்னதற்குக் கூறாது. இவ்வேறுபாட்டை நன்கு விளக்குவன வெப்பமண்டலத் தீவுகளின் மலைப்பாதைகளாகும். நம் கல்லூரியிற் பயின்று கடல் கடந்த நாடுகளில் வாழும் பழைய மாணவருட் சிலர் விடுமுறை நாட்களில் இத்தகைய தீவுகளுக்குச் செல்வதுண்டு. இங்குள்ள மாணவர்க்கும் அத்தீவுகளின் இயல்பை அறிதல் பூகோளப் பாடமாகவும் வாழ்க்கைப் பாடமாகவும் அமையும். ஆதலின், பசிபிக் மாகடலின் நடுவணுள்ள ஹவாய்த் தீவுகளை, அவற்றுள்ளும் சிறப்பாகக் கவாயி என்னும் தீவை, எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பொருளை ஆராய்வோம். மழை, ஓடை, சாலை, மண் என்னும் நான்கும் பயணியைச் சோதிக்கும் வகையெல்லாம் அச்சிறு தீவிலே ஒருங்கு காணப்படுதலே நாம் அதனைத் தேர்ந்தமைக்குக் காரணம்.

தீவின் இயல்பு

கவாயித் தீவு நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 22 பாகையில் உள்ளது. அதன் பரப்பு ஏறத்தாழ 550 சதுர மைல். எரிமலைக் குழம்பு கடலடியினின்று எழுந்து குவிந்து உண்டான இத்தீவின் வயது ஏறத்தாழ ஐம்பது லட்சம் ஆண்டுகள் என்பர். அவ்வளவு நெடுங்காலம் மழை அரித்தமையால் அதன் மலைகள் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளாகவும் செங்குத்தான பாறைச் சுவர்களாகவும் பிளவுண்டு கிடக்கின்றன.

ஆண்டின் பெரும்பகுதியில் வடகிழக்கினின்று வியாபாரக் காற்று அத்தீவின்மீது வீசுகின்றது. கடலின் ஈரத்தைச் சுமந்துவரும் அக்காற்று மலையால் தடுக்கப்பட்டு மேலெழுந்து, குளிர்ந்து, மழையாகப் பொழிகின்றது. தீவின் நடுவிலுள்ள வையாலேயாலே என்னும் 5148 அடி உயரமுள்ள மலைமுடி ஆண்டிற்கு ஏறத்தாழ 400 அங்குல மழை பெறுகின்றது. உலகில் மிகுதியாக மழை பெய்யும் இடங்களுள் அஃது ஒன்று. அம்முடியினின்று இருபது மைலுக்குள் தென்மேற்குக் கரையிலுள்ள கேகாகா என்னும் ஊரோ ஆண்டிற்கு ஏறத்தாழ 20 அங்குல மழையே பெறுகின்றது. ஒரே தீவில், ஒருநாட் காலையில் ஒருவன் நடந்து கடக்கத்தக்க தொலைவிற்குள், இருபது மடங்கு வேறுபாடு!

இதனாற் பெறப்படுவது யாதெனின், கடற்கரையில் வெயிலில் நிற்பவன் தன் தலைக்குமேலுள்ள வானத்தைக் கொண்டு மலைமேலுள்ள வானத்தை மதித்தல் கூடாது என்பதே. குற்றாலத்தில் கீழே வெயில் காயும்போதே மேலே பெய்த மழையால் அருவி திடீரெனப் பெருகுதலை நம்மவர் அறிவர். தீவுகளிலும் நிகழ்வது அதுவே. ஆயின் ஆங்கு மலைமுடிக்கும் கடலுக்கும் இடையே சில மைல்களே உள்ளமையால் அது மிக விரைந்து நிகழ்கின்றது.

ஓடை

கவாயித் தீவின் வடமேற்குக் கரை நாப்பாலி எனப்படும். ஆங்குப் பாறைச் சுவர்கள் கடலினின்று 4000 அடி வரை எழுந்து நிற்கின்றன. அச்சுவர்களின் பக்கத்தைப் பற்றிக்கொண்டு, கேயே என்னும் கடற்கரையினின்று கலலாவு என்னும் பள்ளத்தாக்கு வரை 11 மைல் நீளமுள்ள நடைபாதை ஒன்று செல்கின்றது. பள்ளத்தாக்குகளில் வாழ்ந்த பழைய ஹவாய் மக்கள் நடந்த தடமே பின்னர் திருத்தப்பட்டு இப்பாதையாயிற்று. தொடக்கத்தினின்று இரண்டாவது மைலில் ஹனகாபியாய் என்னும் ஓடை குறுக்கிடுகின்றது. அதன்மேற் பாலம் இல்லை. வெயில் நாளில் சிறுவரும் கற்களின்மீது கால்வைத்து அதனைக் கடந்துவிடுவர்.

அவ்வோடையே 2013ஆம் ஆண்டு பிப்ரவரியில் பெருகியபோது, அதனைக் கடக்க முயன்ற பயணி ஒருவர் வெள்ளத்தால் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் ஓடை மீண்டும் பெருகி, அக்கரையில் அகப்பட்ட 121 பேரை மீட்புப் படையினர் ஹெலிகாப்டரின் துணைகொண்டு மீட்டனர். இவர்களிற் பலர் காலையில் எளிதாக ஓடையைக் கடந்து சென்ற பகற்பொழுதுப் பயணிகளே. போகும்போது வழிவிட்ட நீர் வரும்போது வழிமறித்தது.

இவ்வோடைகள் இத்துணை விரைவிற் பெருகுவானேன்? அவை குறுகியன, செங்குத்தானவை. மலையிற் பெய்த நீரைத் தேக்கிவைக்க அகன்ற சமவெளி அவற்றிற்கு இல்லை. ஆதலின் மழை பெய்த சில நிமிடங்களிலேயே நீர்மட்டம் பல அடி உயர்தலுண்டு. நீரின் வலிமையும் நாம் எண்ணுமளவில் நிற்பதில்லை. அதன் வேகம் இருமடங்காயின் நம் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். மும்மடங்காயின் ஒன்பது மடங்காகும். முழங்காலளவு நீர்தானே என்று இகழ்ந்து இறங்குவோன், கலங்கிய நீரின் அடியிற் கற்கள் உருளுதலைக் காணான். தடுமாறி வீழ்ந்தபின் எழவும் மாட்டான்.

ஆயினும் இவ்வியல்பிலேயே ஒரு நன்மையும் உண்டு. விரைவிற் பெருகும் ஓடை விரைவிற் குறையவும் செய்யும். மழை நின்றபின் சில மணி நேரத்திலோ, மிஞ்சினால் மறுநாட் காலையிலோ, நீர் பழைய நிலைக்கு இறங்குதல் பெரும்பாலும் இயல்பு. ஆகவே பையில் ஒருவேளை உணவும், மழைக்காப்பும், குடிநீரும் உடையவன் மேட்டு நிலத்தில் அமர்ந்திருந்தே உயிர்பிழைக்கலாம். ஓடையில் உயிரிழப்போர் பெரும்பாலும் நீந்தத் தெரியாமையால் இழப்பவரல்லர்; காத்திருக்க மனமின்மையால் இழப்பவரே.

சாலை

பாதையின் நிலை அறிதற்கு முன்னே சாலையின் நிலை அறிதல் வேண்டும். பெருநிலத்தில் ஒரு சாலை அடைபட்டால் வேறொன்றால் சுற்றிச் செல்லலாம். சிறு தீவில் அவ்வாறன்று. கவாயியைச் சுற்றி முழு வட்டமாகச் சாலை இல்லை. நாப்பாலிப் பாறைகள் அதனைத் தடுக்கின்றன. வடகரைக்குச் செல்லும் கூஹியோ நெடுஞ்சாலை ஒன்றே. அது கேயே கடற்கரையில் முடிவுறுகின்றது. இடையில் ஹனலேய் ஆற்றின்மீது 1912ஆம் ஆண்டு கட்டப்பட்ட இரும்புப் பாலம் உள்ளது. ஒருநேரத்தில் ஒருபக்கத்து வண்டிகளே அதன்மேற் செல்லலாம். ஆறு பெருகிச் சாலையை மூடுங்கால், அப்பாலுள்ள ஊர்களெல்லாம் தனித்து நின்றுவிடுகின்றன.

2018ஆம் ஆண்டு ஏப்ரல் 14, 15 ஆகிய நாட்களில் நிகழ்ந்ததை ஈண்டுக் கூறுதல் தகும். வடகரையிலுள்ள வைப்பா என்னுமிடத்தில் 24 மணி நேரத்தில் 49.69 அங்குல மழை பதிவாயிற்று. 1979இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆல்வின் என்னும் ஊரிற் பதிவான 43 அங்குலத்தை விஞ்சி, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒருநாட் பொழுதிற் பெய்த மழையின் உச்ச அளவாக இஃது ஏற்றுக்கொள்ளப்பட்டது. சென்னை நகரம் ஓர் ஆண்டு முழுதும் பெறும் மழை ஏறத்தாழ 55 அங்குலம். அதிற் பத்தில் ஒன்பது பங்கு ஒரே நாளிற் கொட்டிற்று என்க. ஓர் ஏக்கர் நிலத்தின்மீது விழுந்த நீரின் நிறை மட்டும் 5000 டன்னுக்கு மேற்படும். மலைச்சரிவுகள் பெயர்ந்து சாலைமீது வீழ்ந்தன. சாலை பல இடங்களில் துண்டிக்கப்பட்டது. அதன் கடைப்பகுதி பொதுமக்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது 2019ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாளிலேயே. ஏறத்தாழ பதினான்கு திங்கள் அந்நடைபாதை பயணிகளுக்கு இல்லையாயிற்று. அக்காலத்தில் வெளியான நிலப்படங்களிலும் வழிகாட்டி நூல்களிலும் மட்டும் அது முன்போலவே இருந்தது!

சாலை திறக்கப்பட்டபின் புதிய ஒழுங்குகளும் வந்தன. பாதை தொடங்கும் ஹாயேனாப் பூங்காவிற்குள் நாளொன்றுக்கு 900 பேருக்குமேல் வருதல் கூடாதென வரையறுத்தனர். வெளியூரினர் முன்பதிவு செய்தே வருதல் வேண்டும் என்றனர். ஹனகாபியாயிக்கு அப்பாற் செல்ல விரும்புவோர்க்குத் தங்குதற்கான அனுமதிச்சீட்டும் வேண்டும். 2021ஆம் ஆண்டு மார்ச்சில் ஹனலேய்க்கு இறங்கும் மேட்டில் மலைச்சரிவு ஏற்பட்டு அதே நெடுஞ்சாலை மறுபடியும் அடைபட்டது. ஒருமுறை திருத்தப்பட்ட சாலை என்றும் திருத்தமாகவே இருக்குமென எண்ணுதல் பேதைமை.

மண்ணும் பாறையும் நெருப்பும்

மழை நின்று, ஓடை குறைந்து, சாலையும் திறந்திருப்பினும், பாதை நடத்தற்குரியதாய்விடாது. பழைய எரிமலைப் பாறை சிதைந்து உண்டான செம்மண் காய்ந்திருக்கும்போது உறுதியாயிருக்கும். நனைந்தபோதோ எண்ணெய் பூசிய தரைபோல் வழுக்கும். கலலாவுப் பாதையில் ஒருபுறம் பாறைச் சுவரும் மறுபுறம் கடலை நோக்கிய படுகுழியுமாக, ஓரிரண்டு அடி அகலமே உள்ள இடங்களும் உண்டு. ஆங்கு வழுக்குதல் என்பது முழங்காற் சிராய்ப்போடு முடிவதன்று.

மேலிருந்து வீழும் பாறை மற்றோர் அபாயம். ஓவாஹு என்னும் அடுத்த தீவில், ‘புனித அருவி’ எனப் பொருள்படும் பெயருடைய அருவி ஒன்றைக் காண மக்கள் திரள்திரளாகச் செல்வது வழக்கமாயிருந்தது. 1999ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் அப்பள்ளத்தாக்கின் சுவரினின்று பாறைகள் பெயர்ந்து வீழ்ந்து எட்டுப் பேர் மாண்டனர். அன்று மூடப்பட்ட அப்பூங்கா பின்னர் திறக்கப்படவில்லை. ‘மூடப்பட்டது’ என்னும் பலகையைக் காணுங்கால், அது யாரோ ஓர் அதிகாரியின் பிடிவாதம் என நினைத்து வேலியைத் தாண்டுவோர் உளர். அப்பலகைக்குப் பின்னே எட்டுப் பிணங்கள் இருத்தலுங்கூடும் என்பதை அவர் நினைத்தல் நலம்.

இன்னும், ஹவாய் எனவே பெயர்பெற்ற பெருந்தீவில் நிலத்தடி நெருப்பே சாலைகளை மாற்றுகின்றது. 2018இல் கிலாவேயா எரிமலையின் குமுறலால் ஆங்குள்ள தேசியப் பூங்காவின் பெரும்பகுதி மே 11 முதல் செப்டம்பர் 22 வரை மூடப்பட்டிருந்தது. குழம்பு பாய்ந்து 700க்கு மேற்பட்ட வீடுகளும் பல சாலைகளும் அழிந்தன. 2022ஆம் ஆண்டு நவம்பர் 27இல் மௌனா லோவா எரிமலை வெடித்தது. மறுநாளே வானிலை ஆய்வுக்கூடத்திற்குச் செல்லும் மலைச்சாலை குழம்பாற் துண்டிக்கப்பட்டது. நேற்றுவரை வண்டி சென்ற சாலை இன்று கல்லாகிவிட்டது.

வினவும் முறை

ஆயின், புறப்படுமுன் யாது வினவுதல் வேண்டும்? யாரை வினவுதல் வேண்டும்? எப்போது வினவுதல் வேண்டும்? இவற்றை முறைப்படுத்திக் கூறுவோம்.

முதலாவது, சாலை. நாம் பாதைத் தொடக்கத்தை அடையும் சாலை திறந்துளதா? திரும்பும் நேரத்திலும் திறந்திருக்குமா? இதனைச் சாலைத் துறையாரின் அன்றைய அறிவிப்பால் அறிதல் வேண்டும். வாடகை வண்டி கொடுத்தவரும் விடுதியாரும் கூறுவது துணையாகுமே அன்றி முடிவாகாது.

இரண்டாவது, பாதை. அதனைக் காக்கும் பூங்கா அலுவலகமோ வன அலுவலகமோ அதனை இன்று திறந்து வைத்துளதா? அனுமதிச்சீட்டு வேண்டுமா? பெருமழைக்குப்பின் யாரேனும் அதனைப் பார்வையிட்டனரா? திறந்துளது என்பது ஒன்று. நன்னிலையில் உளது என்பது வேறு. இரண்டையும் தனித்தனியே கேட்க.

மூன்றாவது, நீர். கடந்த இரண்டு நாட்களில் மலைமேல் எவ்வளவு மழை பெய்தது? இன்றும் நாளையும் எவ்வளவு பெய்யக்கூடும்? நாம் போகுமிடத்து வானிலையை மட்டுமன்றி, ஓடை பிறக்குமிடத்து வானிலையையும் அறிதல் வேண்டும். வெள்ளம் வரக்கூடும் என்னும் முன்னறிவிப்பு வேறு. வெள்ளம் வந்துவிட்டது, அல்லது வந்துகொண்டிருக்கிறது என்னும் எச்சரிக்கை வேறு. முன்னது கேட்டபோது பயணத்தைத் தள்ளிவைத்தல் அறிவு. பின்னது கேட்டபோது மேட்டிற்கு ஏறுதல் கட்டாயம். ஹவாயின் வடகரைகளில் மாரிக்காலத்துக் கடலலைகள் பேருருவங் கொள்ளுமாதலின் கடலின் நிலையையும் உடன் அறிக. ஓடைநீர் தெளிந்திருப்பினும் அதனைக் காய்ச்சாது குடித்தல் கூடாது. எலிக்காய்ச்சலை விளைக்கும் கிருமி அதில் இருத்தல் கூடும்.

நான்காவது, பொழுது. வெப்பமண்டலத்தில் அந்திப்பொழுது குறுகியது. கதிரவன் மறைந்த சிறிது நேரத்தில் இருள் சூழ்ந்துவிடும். ஆதலின் மறையும் நேரத்தை முன்னரே அறிந்து, ‘இன்ன மணிக்கு எங்கிருப்பினும் திரும்பிவிடுவோம்’ என ஒரு வரையறை செய்துகொள்க. அதனையும் போகும் வழியையும் பின்தங்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துச் செல்க. மலையிடுக்கில் கைப்பேசி பேசும் என நம்பியிருத்தல் கூடாது.

வினவுங்காலமும் மூன்றாகும்: பயணத்தைத் திட்டமிடும்போது ஒருமுறை, முந்திய நாள் இரவு ஒருமுறை, புறப்படும் காலையில், பாதையின் வாயிலில், ஒருமுறை. இம்மூன்றில் கடைசியே தலைசிறந்தது. அப்போது அங்குத் திரும்பிவரும் நடையர் எவரேனும் இருப்பின், “ஓடையில் நீர் எவ்வளவு? எத்தனை மணிக்குக் கடந்தீர்கள்?” எனக் கேட்க. எச்செய்தியைக் கேட்பினும் படிப்பினும் அதன் நாளையும் நேரத்தையும் முதலிற் பார்க்க. நாள் குறியாத செய்தி நற்செய்தியாயினும் பயனற்றது. சென்ற ஆண்டு எடுத்த அழகிய படத்தில் இவ்வாண்டின் மலைச்சரிவு தோன்றாது.

திரும்புதல்

இவ்வளவும் செய்தபின் எஞ்சுவது ஒன்றுண்டு. அதுவே மிகக் கடினமானது. வினவிய வினாவிற்கு ‘இன்று வேண்டா’ என்னும் விடை வருமாயின் அதனை ஏற்றுக்கொள்ளுதல். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்தோம்; பணம் கட்டிப் பதிவு செய்தோம்; நாளை ஊருக்குத் திரும்ப வேண்டும்; உடன்வந்தோர் நகைப்பர் என்றெல்லாம் மனம் வழக்காடும். இவற்றுள் ஒன்றேனும் ஓடையின் நீர்மட்டத்தை ஓர் அங்குலம் குறைக்க வல்லதன்று. ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்னும் நம் பழமொழியை எல்லாரும் அறிவோம். ஆழம் தெரிந்தபின்னும் காலை விடுவோரே இக்காலத்து மிகுதி.

அன்றியும், மலையில் ஒருவன் செய்யும் துணிச்சல் அவனோடு நிற்பதில்லை. அவனை மீட்கப் புயற்காற்றில் ஹெலிகாப்டரைச் செலுத்துவோனுக்கும், கயிறு பற்றி வெள்ளத்தில் இறங்குவோனுக்கும் மனைவி மக்கள் உண்டு. அத்தீவினர்க்கு அப்பள்ளத்தாக்குகள் முன்னோர் வாழ்ந்து உழுத நிலம். விருந்தினனாய்ச் செல்வோன் ஆங்குப் பெருந்துயர் விளைத்து மீளுதல் முறையன்று. கூட்டத்தை நடத்திச் செல்வோன் தன்னினும் மெலிந்தவனின் காலைக் கொண்டே வழியை அளத்தல் வேண்டும். ‘நான் கடந்துவிடுவேன்’ என்பது தலைவனுக்குரிய சொல்லன்று, ‘எல்லாரும் கடப்பரா?’ என்பதே அவனுக்குரிய வினா.

மாணவ நண்பர்களே! நாம் முதலிற் கூறிய ஓடைக்கரையில், சட்டையைக் கழற்றிய இளைஞன் இரண்டரை மணி நேரம் நம்மோடு முகஞ்சுளித்து அமர்ந்திருந்தான். இன்று அவன் ஒரு பள்ளியில் ஆசிரியன். ஆண்டுதோறும் தன் மாணவரை மலைக்கு அழைத்துச் செல்கின்றான். சென்ற கோடையில் அவனிடமிருந்து நமக்கு ஒரு கடிதம் வந்தது. அதில், “இம்முறை ஓடைவரை சென்று திரும்பிவிட்டோம் ஐயா, அருவியைப் பார்க்கவில்லை. பையன்களுக்கு வருத்தந்தான். மேலே மழை பெய்திருப்பதாக அவ்வூரார் சொன்னார்கள், நாங்கள் கேட்டோம்” என எழுதியிருந்தான். அருவி அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். அதனைக் காண அப்பிள்ளைகளும் இருப்பார்கள்.